அப்பா விட்டுச் சென்ற வீட்டை விற்றால்: வரியைக் கட்டுவதா, வேறு வீடு வாங்குவதா, பாண்டில் போடுவதா?

அப்பாவின் இரும்புப் பெட்டியில் அடியில் கிடந்தது அந்தக் கிரயப் பத்திரம். 1988-ம் வருடம். முத்திரைத்தாளின் ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதியிருந்தது. அதே வீட்டுக்கு இப்போது 90 லட்சம் தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் சம்மதித்துவிட்டோம். அன்று ராத்திரி அண்ணன் போன் செய்தான். "ஏம்மா, வித்த காசுல பாதி கவர்ன்மென்ட்டுக்கே போயிடுமாமே? உடனே வேற வீடு ஏதாவது வாங்கிப் போட்டுடலாமா?"

இந்தப் பயத்தை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். வரி எவ்வளவு என்று கணக்குப் போடுவதற்கு முன்பே, வரியிலிருந்து தப்பிக்க என்ன வாங்கலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். தேவையில்லாத ஊரில் தேவையில்லாத பிளாட் ஒன்று வந்து சேர்கிறது. எந்த விலக்கும் எடுக்காமலே எங்கள் வீட்டுக்கு மூன்று பேருக்கும் சேர்த்து வரி பத்தரை லட்சம்தான் வந்தது. 90 லட்சத்தில் பாதி எங்கே, பத்தரை எங்கே. அந்தத் தொகையை முதலில் தெரிந்துகொண்டால்தான் மற்ற வழிகளை அதோடு ஒப்பிடவே முடியும்.

கீழே உள்ளதெல்லாம் இந்தியாவில் உள்ள வீட்டுக்கான கணக்கு. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை விற்ற வீட்டுக்கான எண்களை வைத்துப் போட்டிருக்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ம் வருடச் சட்டத்தின் இடத்தில் 2025 வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய எண்களே புழங்குவதால் நானும் வேறு வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்குக்கு 54, பாண்டில் (அரசு நிறுவனக் கடன் பத்திரத்தில்) போட்டால் கிடைப்பதற்கு 54இசி என்றே எழுதுகிறேன்.

முதலில் வரி எவ்வளவு?

வீடு வாரிசுக்கு வருவதற்கு வரி கிடையாது. எஸ்டேட் டியூட்டி என்று ஒன்று இருந்தது, அதை 1985-ல் எடுத்துவிட்டார்கள். உயில் வழியாக வந்தாலும், உயில் இல்லாமல் வாரிசுரிமைப்படி வந்தாலும் ஒன்றுதான். விற்கும்போதுதான், வாங்கிய விலைக்கு மேல் கிடைத்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி வருகிறது.

நாம் வீட்டுக்குக் காசு கொடுக்கவில்லையே, வாங்கிய விலை பூஜ்யமா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. அப்பா கொடுத்த விலைதான் நம் விலை. அப்பா வைத்திருந்த காலமும் நம் கணக்கில் சேரும். அதனால் அவர் காலமாகி ஒரு மாதத்திலேயே விற்றாலும், அவர் வாங்கி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் அது நீண்டகால ஆதாயம்தான். அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள், "அப்பா இறந்த நாள் மதிப்பைத்தானே எடுக்கணும்?" என்பார்கள். அந்த நாட்டுச் சட்டம் அப்படி. இந்தியாவில் இறந்த நாள் மதிப்புக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

அப்பா 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியிருந்தால் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. அவர் கொடுத்த விலைக்குப் பதிலாக, 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் விஷயத்தில் 1.1 லட்சத்துக்குப் பதில் 9 லட்சம். ஆனால் அந்த மதிப்பை நம் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அந்தத் தேதியில் அரசு வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்காக அரசு குறித்த விலை) இருந்தால் அதைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் விதி கொண்டுவந்துவிட்டார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அந்த வருட வழிகாட்டி மதிப்பை வாங்குங்கள். கட்டடத்துக்கும் சேர்த்துப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள். இந்த ஒரு காகிதத்துக்கு அலைவதில் சோம்பல் வேண்டாம். இதில்தான் லட்சக்கணக்கில் வித்தியாசம் வருகிறது.

அடுத்தது, இரண்டு வரி முறையில் எது என்பது. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம், ஆனால் பணவீக்கக் கழிவு கிடையாது. அதற்கு முன்பே கைக்கு வந்த வீடு, நிலத்துக்கு மட்டும், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பழைய முறைப்படி 20 சதவீதமும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். எங்கள் அப்பா 2019-லேயே போய்விட்டதால் இரண்டு வழியும் எங்களுக்குத் திறந்திருந்தது. பழைய முறையில், வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் ஏற்றிக்கொள்ளலாம். 2001-02-க்குக் குறியீடு 100, 2025-26-க்கு 376. அதாவது 9 லட்சம் 33.84 லட்சமாகிவிடும். அப்பா வாங்கிய வருடத்திலிருந்து குறியீட்டை எடுக்கலாமா, நம் கைக்கு வந்த வருடத்திலிருந்துதானா என்று வெகுநாள் வழக்கு நடந்தது. அன்பளிப்பாக வந்த ஒரு பிளாட் பற்றிய வழக்கில், முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலத்திலிருந்தே எடுக்கலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2011-ல் சொன்னது.

எங்கள் எண்கள் இவை, கணக்கு புரிவதற்காகக் கொஞ்சம் முழு எண்ணாக்கியிருக்கிறேன். விற்பனை 90 லட்சம், 2001 மதிப்பு 9 லட்சம், ஆதாயம் 81 லட்சம், தலைக்கு 27 லட்சம். 12.5 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் போட்டால் தலைக்கு 3.51 லட்சம். பழைய முறையில் ஆதாயம் 56.16 லட்சமாகக் குறைகிறது, ஆனால் 20 சதவீதம் என்பதால் தலைக்கு 3.89 லட்சம். ஆகவே புதிய முறையே எங்களுக்கு லாபம்.

உங்களுக்கு எது லாபம் என்று பார்க்க ஒரு சுருக்கு வழி: விற்ற விலையை 2001 மதிப்பால் வகுங்கள். 8.36 மடங்குக்கு மேல் வந்தால் 12.5 சதவீதம் நல்லது, அதற்குக் கீழே என்றால் 20. எங்களுக்குப் பத்து மடங்கு. அப்பா 2010-11-ல் வாங்கிய வீடு என்றால் எல்லை ஏறக்குறைய 4.3 மடங்கு. குறியீடு வருடா வருடம் ஏறும், எல்லையும் அதோடு நகரும்.

எங்கள் 2001 மதிப்பு 9-க்குப் பதில் 12 லட்சமாக நிரூபணமாகியிருந்தால்? ஏழரை மடங்குதான், 20 சதவீதம் ஜெயிக்கும், தலைக்கு 3.11 லட்சம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் மிச்சம். அதனால்தான் அந்தக் காகிதத்துக்கு அலையச் சொன்னேன்.

2001-க்குப் பிறகு மாடி எடுத்தது, கூடுதல் அறை கட்டியது போன்ற செலவுகளையும் கழிக்கலாம், அப்பா செய்த செலவாக இருந்தாலும் சரி. 2008-09-ல் செய்த 5 லட்சம் செலவு, 20 சதவீத முறையில் 13.72 லட்சமாகக் கழியும். பில் வேண்டும், வங்கியில் பணம் போன தடயம் வேண்டும். எங்கள் வீட்டில் மேஸ்திரி எழுதிய துண்டுச்சீட்டுகள் ஒரு மஞ்சள் பையில் இருந்தன. பென்சில் எழுத்து பாதி அழிந்துவிட்டது. அவற்றை நம்பிக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வீடு, மூன்று கணக்கு

குடும்பமாக முடிவெடுக்கும்போது எல்லாரும் தவறவிடுவது இதைத்தான். வீடு ஒன்று, ஆனால் வரி ஒவ்வொரு வாரிசுக்கும் தனித்தனி. அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கு, அவரவர் விலக்கு. அண்ணன் வீடு வாங்குகிறான் என்பதற்காக நான் வாங்க வேண்டியதில்லை. அம்மாவுக்குப் பொருந்துவது எனக்குப் பொருந்தாது.

"எல்லாரும் அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துடுங்க, அவர் ஒருத்தரா வித்து பணத்தைப் பிரிச்சுக் கொடுத்துடட்டும்" என்று தரகர் சொல்வார். கையெழுத்து போட ஒருவர் வந்தால் போதும் என்பது அவர் வசதி. வரியில் இது நஷ்டம். மொத்த ஆதாயமும் ஒருவர் தலையில் ஏறி, அவர் வருமானம் 50 லட்சத்தைத் தாண்டும். உடனே வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜ் (கூடுதல் வரி) சேரும். எங்கள் எண்களில் 10.53 லட்சம் வரி 11.58 லட்சமாகியிருக்கும். பாண்டுக்கான 50 லட்ச உச்சவரம்பும் மூன்று பேருக்கு மூன்றாக இருப்பது ஒன்றாகச் சுருங்கிவிடும். போகட்டும் என்று நினைத்தாலும், பிரித்துக் கொடுக்கும் நாளில் உறவு எப்படி இருக்குமோ. மூவரும் சேர்ந்தே கிரயம் செய்துகொடுங்கள்.

அம்மாவைப் போல வேறு வருமானம் இல்லாதவருக்கு இன்னொன்று உண்டு. வருமான வரியின் 'புதிய வரி முறை'யில் (மேலே சொன்ன 12.5 சதவீத முறை வேறு, இது வேறு) அடிப்படை விலக்கு 4 லட்சம். வேறு வருமானத்தில் அது தீராவிட்டால், இந்த ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். அம்மாவின் 27 லட்சத்தில் 4 போக 23 லட்சத்துக்குத்தான் வரி, 2.99 லட்சம். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசுக்கு 20 சதவீத முறையும் கிடையாது, இந்தக் கழிவும் கிடையாது. வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார், அதுவும் பெரும்பாலும் ஆதாயத்தின் மேல் இல்லாமல் முழு விலையின் மேலேயே பிடிப்பார்கள். கிரயத்துக்கு முன்பே வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்கிவிட்டால் அந்தப் பணம் ஒரு வருடம் சிக்காது. உள்ளூரில் இருப்பவர்களுக்கு, விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீத டிடிஎஸ் பிடிப்பதோடு சரி.

வேறு வீடு வாங்கினால்

54-ம் பிரிவு. ஆதாயத்தை இந்தியாவில் இன்னொரு குடியிருப்பு வீட்டில் போட்டால் அந்த அளவுக்கு வரி இல்லை. விற்பதற்கு ஒரு வருடம் முன்பு வரை வாங்கியிருக்கலாம், விற்றபின் இரண்டு வருடத்துக்குள் வாங்கலாம், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டலாம். விலை முழுவதையும் போட வேண்டாம், ஆதாயத்தைப் போட்டால் போதும். ஆதாயம் 2 கோடிக்குள் இருந்தால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை இரண்டு வீடுகள் வாங்கவும் அனுமதி உண்டு. புது வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் சலுகை திரும்பிப் போய்விடும்.

அண்ணனுக்கு இது தங்கமான வழி. அவன் எப்படியும் பிளாட் வாங்க முன்பணம் கொடுத்து வைத்திருந்தான். 3.51 லட்சம் அப்படியே மிச்சம்.

ஆனால் வீடு தேவையில்லாதவர் வரிக்காக வாங்கினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 27 லட்சத்துக்கு வீடு வாங்கினால் 2.43 லட்சம் பதிவிலேயே போகிறது. மிச்சம் பிடித்தது 3.51, செலவு 2.43. ஒரு லட்சத்துக்காக, விற்கவும் முடியாத, வாடகைக்கு ஆள் தேட வேண்டிய ஒரு வீடு. தரகும் பெயின்ட் செலவும் சேர்ந்தால் அந்த ஒரு லட்சமும் இருக்காது. வாடகையும் விலையேற்றமும் நிச்சயம் வரும் என்று நம்புகிற இடமாக இருந்தால் வாங்குங்கள். வரிக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றுதான் எங்கள் வீட்டிலும் சொன்னேன்.

பழைய வீட்டுக் கடனை இந்தப் பணத்தில் அடைத்தால் விலக்கு உண்டா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கிடையாது. வந்தது வீடாக இல்லாமல் காலி மனையாக இருந்தால் அது 54எஃப் பிரிவு. அங்கே ஆதாயத்தை மட்டும் போட்டால் போதாது, விற்ற பணம் முழுவதையும் வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு.

பாண்டில் போட்டால்

54இசி. விற்ற ஆறு மாதத்துக்குள் ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி போன்ற அரசு நிறுவனங்களின் பாண்டில் போட வேண்டும். ஒருவருக்கு 50 லட்சம் வரை. ஐந்து வருடம் எடுக்க முடியாது, அடமானம் வைத்துக் கடன் வாங்கினாலும் விலக்கு போய்விடும். வட்டி 5.25 சதவீதம், அதற்கு வருமான வரி உண்டு.

வட்டி குறைவு என்று இதைத் தள்ளிவிடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பாண்டில் 27 லட்சம் முழுதாக வேலை செய்கிறது. வரி கட்டினால் 23.49 லட்சம்தான் மிஞ்சும். 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் அந்த 23.49 லட்சத்தை 7 சதவீத எஃப்டியில் போட்டால், ஐந்து வருடத்தில் வரி போக ஏறக்குறைய 30.8 லட்சம். பாண்டில் வட்டியையும் எடுத்துச் சேர்த்துவைத்தால் 33 லட்சம். வரி போகக் கையில் வருடம் 7 சதவீதத்துக்கு மேல் தரும் இடம் உங்களிடம் இருந்தால்தான் வரி கட்டிய வழி முந்தும். எஃப்டிதான் போடப் போகிறீர்கள் என்றால், பாண்டே மேல்.

அம்மாவுக்கு இதைத்தான் செய்தோம், ஒரு சின்ன மாற்றத்தோடு. 24 லட்சம் பாண்டில். மீதி 3 லட்சம் ஆதாயமும் அந்த வருட வட்டியும் 4 லட்சத்துக்குள் அடங்கிவிட்டதால் வரி பூஜ்யம். வருடம் 1.26 லட்சம் வட்டி வரும், அதற்கும் வரி வராது. அவர் பங்கான 30 லட்சத்தில் 6 லட்சம் வங்கியில் இருக்கிறது, திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. வயதானவர்களுக்குப் பாண்டு வாங்கும்போது இந்த ஆறு லட்சம்தான் முக்கியம். பத்திரமாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஐந்து வருடம் பூட்டிவிட்டு, பிறகு பிள்ளைகளிடம் கை நீட்ட வைக்கக் கூடாது.

வரியைக் கட்டிவிட்டால்

நான் கட்டினேன். எனக்கு 8.5 சதவீதத்தில் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவும் இல்லை. 3.51 லட்சத்தைக் கட்டிவிட்டு மீதியைக் கடனில் போட்டால், எந்த வரியும் இல்லாத 8.5 சதவீத வருமானம் மாதிரிதான் அது. பாண்டில் போட்டு, வருடா வருடம் வரும் வட்டியைக் கடனில் கட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐந்து வருட முடிவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் நான் முன்னால் இருப்பேன். கடன் இருப்பவர்கள், பிள்ளைகள் படிப்புக்கு இரண்டு வருடத்தில் பணம் தேவைப்படுபவர்கள், தொழிலில் போட வேண்டியவர்கள் தயங்காமல் வரியைக் கட்டலாம்.

வரியைக் குறைக்க இன்னொரு 'வழி'யும் கிரய நாளில் வந்து நிற்கும்: பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டு மீதியை ரொக்கமாக வாங்குவது. செய்யாதீர்கள். பத்திர விலையை விட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விலையாக எடுத்து வரி போடுவார்கள். சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அந்த ரொக்கத்தைப் பாண்டிலும் போட முடியாது, புது வீட்டுக்கும் காட்ட முடியாது.

உடன்பிறந்தவர்களில் ஒருவரே வீட்டை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பதும் உண்டு. "நமக்குள்ளதானே, வரி எதுக்கு" என்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு பங்கை விட்டுக்கொடுத்தால் அது விற்பனைதான். வெளியாளுக்கு விற்றது போலவே வரி வரும், மேலே சொன்ன விலக்குகளும் அதேபோல் கிடைக்கும்.

அண்ணனுடைய பிளாட் முடிய நாளாகும் என்பதால் ஒரு வேலை பாக்கி இருந்தது. வருமான வரி ரிட்டர்ன் கடைசி நாளுக்குள், அதாவது சாதாரணமாக ஜூலை 31-க்குள், வீட்டில் இன்னும் போடாத ஆதாயத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட்டாக வேண்டும். ஒரு வங்கிக் கிளையில் அவனிடம், "சாதாரண எஃப்டியே போதும் சார், அதே வட்டிதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வட்டி ஒன்றாக இருக்கலாம், ஆனால் சாதாரண எஃப்டிக்கு 54-ல் விலக்கு கிடைக்காது. நல்லவேளை, அந்த ரசீதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதை உடைத்துவிட்டு, வேறு கிளையில் 1988 மூலதன ஆதாயக் கணக்குத் திட்டம் என்று பெயரைச் சொல்லிக் கேட்டு, சேமிப்புக் கணக்கு மாதிரியான 'ஏ' வகையில் பணத்தைப் போட்டோம். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் திட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கவுண்டரை விட்டு நகர்ந்தான்.